நபிகள் மீதான குற்றச்சாட்டுகள்: வில்லியம் மியூரும் சர் சையதும்

இஸ்லாத்தின் மீதும் நபிகள் நாயகத்தின் மீதும் இன்று வைக்கப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவை புதியவை இல்லை. வாள் முனையில் பரவிய மதம், பலதார மணம், அடிமை முறை, வலிப்பு நோய், குறைழா யூதர்களின் கொலை, சாத்தானிய வசனங்கள் என்று ஒரு பட்டியல் திரும்பத் திரும்ப வருகிறதல்லவா? அதில் அநேகமாக எல்லாமே வில்லியம் மியூர் எழுதிய 'லைஃப் ஆஃப் மஹோமெட்' என்ற நான்கு பாகப் புத்தகத்தில் இருக்கின்றன. 1858 முதல் 1861 வரை லண்டனில் வெளிவந்த புத்தகம் அது. இன்று எழுதுகிற பலருக்கு மியூரின் பெயரே தெரியாது. ஆனால் சரக்கு அவருடையதுதான்.

மியூர் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. ஆக்ராவில் இருந்தார், அரபி தெரிந்தவர். 1854 ஏப்ரலில் அதே ஆக்ராவில் கார்ல் ஃபாண்டர் என்ற ஜெர்மானிய மிஷனரிக்கும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவிக்கும் பெரிய பொதுவிவாதம் நடந்தது. (பைபிள் பிரதிகளுக்குள் பாடவேறுபாடுகள் உண்டு என்று ஃபாண்டர் அங்கே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.) அந்த ஃபாண்டர் தூண்டியதால்தான் இந்த வரலாற்றை எழுத முனைந்ததாக மியூரே முன்னுரையில் சொல்கிறார்.

அதற்கு முன்னால் ஐரோப்பாவில் நபிகளைப் பற்றி எழுதியவர்களில் பலர் கேள்விப்பட்டதை எழுதியவர்கள். மியூர் அப்படி இல்லை. இப்னு ஹிஷாம், தபரீ, இப்னு ஸஅத் ஆகிய முஸ்லிம் ஆசிரியர்களின் அரபி நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார். "உங்கள் புத்தகத்தில்தானே இருக்கிறது" என்று கேட்கும் பாணி அங்கிருந்துதான் வலுப்பெற்றது. கடைசிப் பக்கங்களில் அவர் வந்து சேர்ந்த முடிவு கடுமையானது. நபியின் வாளும் குர்ஆனும் நாகரிகத்துக்கும் சுதந்திரத்துக்கும் உண்மைக்கும் பெரும் பகை என்பது அதன் சாரம். பலதாரம், மணவிலக்கு, அடிமை முறை மூன்றையும் இஸ்லாம் நிலைநிறுத்திவிட்டது, மதத்தில் சுயமாக யோசிக்கும் உரிமையை நசுக்கிவிட்டது என்றும் எழுதினார்.

இதற்குப் பதில் எழுதக் கிளம்பியவர் சர் சையது அகமது கான். (அப்போது அவர் 'சர்' ஆகவில்லை.) காசியில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதி. 1869 மே மாதம் இரண்டு மகன்களோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். அந்தச் சமயம் மியூர்தான் வடமேற்கு மாகாணங்களின் லெப்டினென்ட் கவர்னர். அதாவது, தன் மாகாணத்தை ஆள்கிறவரின் புத்தகத்துக்கே மறுப்பு எழுத உட்கார்ந்தார் ஓர் அரசு ஊழியர். மியூரின் புத்தகம் தன் நெஞ்சைச் சுட்டுவிட்டதாக நண்பர் மொஹ்சின்-உல்-முல்க்குக்கு லண்டனிலிருந்து கடிதம் எழுதினார். பிச்சைக்காரனாகப் போனாலும் சரி, பதில் எழுதியே தீருவேன் என்றார். ஊரிலிருக்கும் புத்தகங்களை விற்று, செம்புப் பாத்திரங்களைக்கூட விற்று ஆயிரம் ரூபாய் அனுப்பச் சொன்னார். பிரிட்டிஷ் மியூசியத்திலும் இந்தியா ஆபீஸ் நூலகத்திலும் உட்கார்ந்து தேடினார். அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. உருதுவில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றச் செய்து, 1870-இல் டிரப்னர் பதிப்பகம் மூலம் 12 கட்டுரைகளாக வெளியிட்டார். விரிவான உருது வடிவம் 'குத்பாத்-எ-அஹ்மதிய்யா' 1887-இல் வந்தது.

அந்த நூல் நபிகளின் 12-ஆம் வயதோடு நின்றுவிடுகிறது. அடுத்த பாகங்களை அவர் எழுதவில்லை. போர்களைப் பற்றியும் குறைழாவைப் பற்றியும் விரிவான பதில்கள் பின்னால் வந்தவர்களுடையவை. ஆனால் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான ஒரு கேள்வியை அவர்தான் அழுத்தமாகக் கேட்டார். குற்றச்சாட்டு எந்த மூலத்தின் மேல் நிற்கிறது?

இந்தக் கேள்வியின் அருமை புரிய வேண்டுமென்றால் மூலங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிய வேண்டும். முதலில் குர்ஆன். நபிகள் 632-இல் காலமானார். மூன்றாம் கலீபா உஸ்மான் காலத்தில், 650-ஐ ஒட்டி, அதன் பிரதி ஒழுங்குபடுத்தப்பட்டது. அடுத்து ஹதீஸ், அதாவது நபிகளின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகள். புகாரியும் முஸ்லிமும் 9-ஆம் நூற்றாண்டில் தொகுத்தவை. யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரோடு (இஸ்னாத்) வருபவை. மூன்றாவது ஸீரா, வாழ்க்கை வரலாறு. இப்னு இஸ்ஹாக் 8-ஆம் நூற்றாண்டில் தொகுத்ததை இப்னு ஹிஷாம் சுருக்கித் திருத்தினார். வாகிதீ 823-இல் இறந்தவர். அவருடைய எழுத்தர் இப்னு ஸஅத்.

இதில் வாகிதீயை ஹதீஸ் அறிஞர்கள் அன்றைக்கே நம்பவில்லை. அஹ்மத் இப்னு ஹன்பல், புகாரி போன்றவர்கள் அவரை ஒதுக்கினார்கள். கதை சுவையாக இருக்கும், தொடர் கந்தலாக இருக்கும். மியூரோ இப்னு ஸஅத் வழியாக வந்த வாகிதீயின் செய்திகளுக்குப் பெரிய இடம் கொடுத்தார். நபிகளுக்குப் பாதகமான செய்தியை முஸ்லிம்கள் இட்டுக்கட்ட மாட்டார்கள், ஆகவே அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது அவருடைய அளவுகோல்களில் ஒன்று. சர் சையது நீதிபதி இல்லையா? சாட்சி நேரில் பார்த்தானா, கேட்டுச் சொல்கிறானா, யாரிடம் கேட்டான் என்று விசாரிக்காமல் சாட்சியம் எடுபடாது என்றார். ஆரம்பகால முஸ்லிம்கள் ஒரே அணியாகவும் இருக்கவில்லை. கட்சி கட்சியாகப் பிரிந்து கிடந்தவர்கள். கதைசொல்லிகள் கூட்டம் சேர்க்க எதையும் சொல்வார்கள். மியூரின் அந்த அளவுகோல் இந்த இடத்தில் உடைகிறது.

மூலத்தைத் தேடிப் போனால் சில குற்றச்சாட்டுகள் உடனே உதிர்ந்துவிடும். வலிப்பு நோய் அப்படிப்பட்டது. இதை முதலில் பரப்பியவர்களில் முக்கியமானவர் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபனிஸ். நபிகளின் காலத்துக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு, எதிரி நாடு வேறு. மியூர் இதற்கு நபிகளின் குழந்தைப் பருவத்தில் ஆதாரம் தேடினார். செவிலித்தாய் ஹலீமாவின் வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் நெஞ்சு பிளந்த அதிசயக் கதையில், பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஹலீமாவின் கணவர் பயந்ததாக ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான் ஆதாரம். இறைச்செய்தி வந்த நேரங்களைப் பற்றி ஹதீஸ்கள் சொல்வது வேறு: குளிரான நாளிலும் நெற்றி வியர்க்கும், உடல் கனக்கும், மணியோசை போலக் கேட்கும். அது விலகியதும் வந்த சொற்களை அப்படியே ஓதுவார். பெரிய வலிப்பு வந்து தெளிகிறவருக்கு அந்த நேரம் நினைவிலேயே இருக்காது. முஸ்லிம்களிடம் பரிவு காட்டியே தீர வேண்டிய அவசியமில்லாத எட்வர்ட் கிப்பன்கூட இதைக் கிரேக்கர்கள் கட்டிவிட்ட அபத்தமான அவதூறு என்று தள்ளினார்.

சாத்தானிய வசனங்கள் விவகாரம் இவ்வளவு சுலபமில்லை. மக்காவில் ஒருநாள் மூன்று பெண்தெய்வங்களைப் புகழும் வரிகள் நபிகளின் வாயில் வந்ததாகவும், பிறகு அவை சாத்தான் நுழைத்தவை என்று திருத்தப்பட்டதாகவும் கதை. தபரீயும் இப்னு ஸஅதும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இப்னு ஹிஷாமின் திருத்திய நூலில் இல்லை. ஆறு முக்கிய ஹதீஸ் தொகுப்புகளிலும் இல்லை. 'அந்நஜ்ம்' அத்தியாயம் ஓதப்பட்டபோது முஸ்லிம்களும் பலதெய்வ வழிபாட்டினரும் சேர்ந்து சிரம்பணிந்தார்கள் என்பதோடு புகாரி நிறுத்திக்கொள்கிறார். கதையின் அறிவிப்பாளர் தொடர்கள் பெரும்பாலும் சம்பவத்தைப் பார்த்தவர் வரை போய்ச் சேர்வதில்லை. காழீ இயாழும் ஃபக்ருத்தீன் ராஸீயும் இதை மறுத்தார்கள். இப்னு தைமிய்யாவும் இப்னு ஹஜரும் ஏதோ நடந்திருக்கலாம் என்றார்கள். முதல் இரண்டு நூற்றாண்டுகளில் பலர் இதைச் சங்கடமில்லாமல் சொல்லிவந்தார்கள் என்று ஷஹாப் அஹ்மதின் ஆய்வு (2017) காட்டுகிறது. ஆகவே 'இது எதிரிகள் கட்டிய கதை' என்ற பதில் செல்லாது. முஸ்லிம் அறிஞர்களே ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாதாடிய விஷயம் என்பதே சரியான பதில்.

அடுத்தது எல்லாவற்றிலும் பெரியது. வாள்.

மக்காவில் 13 ஆண்டுகள் முஸ்லிம்கள் திருப்பி அடிக்கவில்லை. அடிமையான பிலாலைச் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறாங்கல்லை ஏற்றினார்கள். சுமய்யா என்ற பெண்மணி குத்திக் கொல்லப்பட்டார். 615-ஐ ஒட்டி ஒரு கூட்டம் கடல் கடந்து அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னரிடம் அடைக்கலம் போனது. நபிகளின் குலத்தையே ஒதுக்கிவைத்து, கொடுக்கல் வாங்கலும் திருமண உறவும் கூடாது என்று எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டார்கள். 622-இல் மதீனா போன பிறகுதான் போர் செய்ய அனுமதி தரும் வசனம் (22:39) வந்தது. அது சொல்லும் காரணம், அவர்கள் அநீதி இழைக்கப்பட்டவர்கள், வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் என்பது. அதன் அடுத்த வசனம் பாதுகாக்கப்பட வேண்டியவற்றில் மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களோடு சேர்த்தே சொல்கிறது.

628-இல் நடந்த ஹுதைபிய்யா உடன்படிக்கை இந்த வாதத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். சுமார் 1,400 பேரோடு உம்ரா என்ற புனிதப் பயணம் செய்யப் போன நபிகளை மக்காவுக்குள் விடவில்லை. சமாதானம் பேச, மக்காவை ஆண்ட குறைஷிக் குலத்தின் சார்பில் சுஹைல் இப்னு அம்ர் வந்தார். நபிகளின் மருமகன் அலீ எழுதுகிறார். "அல்லாஹ்வின் தூதர் முஹம்மத்" என்று எழுதியதும் சுஹைல் மறித்தார். "உம்மை அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் சண்டையே வந்திருக்காதே, உம் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதும்" என்றார். அழிக்க அலீக்கு மனம் வரவில்லை. நபிகளே அந்தச் சொற்களை அழிக்கச் செய்து "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்" என்று எழுதவைத்தார். அந்த ஆண்டு வந்தவழியே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றார். பின்னாளில் கலீபாவான உமருக்கே பொறுக்கவில்லை. ஆனால் அந்த அமைதியில் ஜனங்கள் போகவும் வரவும் பேசவும் முடிந்தது. இரண்டே ஆண்டில், 630-இல், மக்காவை நோக்கிப் போனபோது கூட இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். இந்தப் பெருக்கம் போர் ஓய்ந்திருந்த காலத்தில் வந்தது.

மக்காவில் என்ன நடந்தது? சிலரைத் தவிர எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. நபிகளின் சிறிய தந்தை ஹம்ஸாவை உஹத் போரில் ஈட்டியெறிந்து கொன்ற வஹ்ஷிக்கும் பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. அந்தச் சடலத்தைச் சிதைத்ததாகச் சொல்லப்படும் ஹிந்துக்கும் கிடைத்தது. மக்காவின் தலைவர்களில் ஒருவரான ஸஃப்வான் இப்னு உமய்யா இஸ்லாத்தைப் பற்றி யோசிக்க இரண்டு மாதம் அவகாசம் கேட்டார். நான்கு மாதம் கொடுத்தார் நபி. கஅபாவின் சாவி பழையபடி உஸ்மான் இப்னு தல்ஹாவின் கையிலேயே திருப்பித் தரப்பட்டது.

ஒன்பதாம் அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தைத் தனியாக எடுத்துக் காட்டுகிறவர்கள் 4-ஐயும் 6-ஐயும் காட்டுவதில்லை. 4 சொல்கிறது: உடன்படிக்கையை மீறாதவர்களோடு தவணை முடியும் வரை உடன்படிக்கையைக் காப்பாற்றுங்கள். 6 சொல்கிறது: அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். நடுவிலிருப்பது உடன்படிக்கையை முறித்த குலங்களைப் பற்றியது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பிற்கால விரிவுரையாளர்களில் சிலர் இந்த வசனம் சமாதான வசனங்களை ரத்து செய்துவிட்டது என்று எழுதினார்கள். பேரரசு வளர்ந்த காலத்துச் சட்டவியல் அது. அந்தக் கருத்தை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் அதைக் குர்ஆனின் தலையில் கட்டினால் கணக்கு தப்பும்.

நபிகளுக்குப் பின் சிரியா, இராக், எகிப்து, ஈரான் எல்லாம் படையெடுப்பில்தான் கைக்கு வந்தன. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாடு பிடிபட்டதும் மக்கள் மதம் மாறியதும் ஒரே நாளில் நடந்தவை இல்லை. ரிச்சர்ட் புலியட் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புதுமாதிரியாக அளந்தது. அறிஞர் வாழ்க்கைக் குறிப்புகளில் மகன், தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பெயர்ப்பட்டியல் வரும். அதில் எந்தத் தலைமுறையில் பாரசீகப் பெயர் மறைந்து முஸ்லிம் பெயர் தொடங்குகிறது என்று எண்ணினார். ஈரானில் மாறியவர்களில் பாதிப்பேர் மாறி முடிக்கவே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. எகிப்தில் கிறிஸ்தவர்கள் அதைவிட நீண்ட காலம் பெரும்பான்மையாக இருந்தார்கள். காப்டிக் திருச்சபை இன்றும் இருக்கிறது. இந்தோனேசியாவுக்கு அரபுப் படை போகவே இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களுக்கும் இஸ்லாம் கப்பலிலும் வணிகத்திலும்தான் வந்தது.

இதை முதன்முதலில் நாடு நாடாகத் தொகுத்துக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர். சர் சையது நிறுவிய அலிகார் கல்லூரியில் 1888 முதல் 1898 வரை பாடம் நடத்திய டி.டபிள்யூ. ஆர்னல்ட். 'தி ப்ரீச்சிங் ஆஃப் இஸ்லாம்' 1896-இல் வந்தது. மியூருக்கு ஒரு பிரிட்டிஷ்காரரிடமிருந்தே பதில் வந்ததைப் பார்க்கச் சர் சையது உயிரோடு இருந்தார்.

ஜிஸ்யா வரியும் இந்தக் குற்றச்சாட்டோடு சேர்ந்தே வரும். முஸ்லிமல்லாத ஆண்களிடம் வசூலித்த தலைவரி அது. பெண்கள், குழந்தைகள், துறவிகள், வசதியற்றவர்களுக்கு விலக்கு. கண் தெரியாத ஒரு யூத முதியவர் பிச்சை எடுப்பதைக் கலீபா உமர் பார்த்து, இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நியாயமில்லை என்று பொதுக்கருவூலத்திலிருந்து உதவச் சொன்னதாகச் சட்ட அறிஞர் அபூ யூசுஃப் எழுதுகிறார். பைசாந்தியரோடு நடந்த யர்மூக் போருக்கு முன் சிரியாவின் ஹிம்ஸ் நகரத்தைக் காக்க முடியாது என்று தெரிந்ததும், வாங்கிய வரியை முஸ்லிம் படை திருப்பிக் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் பலாதுரீயின் பதிவு. பாதுகாப்புக்கான வரி என்ற விளக்கம் இவற்றின் மேல் நிற்கிறது. அதே சமயம், இன்றைய சமக் குடியுரிமையின் அளவில் பார்த்தால் அது இரண்டாந்தர நிலைதான். அக்காலத்துப் பைசாந்தியத்தில் யூதருக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் மேலானது, இன்றைக்கு அது எந்த நாட்டுக்கும் முன்மாதிரி ஆகாது. ஒட்டோமான் அரசே 1856-இல் அதை நீக்கிவிட்டது.

பனூ குறைழா விவகாரம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. 627-இல் மதீனாவை எதிரிகள் முற்றுகையிட்டிருந்தபோது, உடன்படிக்கையில் இருந்த இந்த யூதக் குலம் எதிரிகளோடு பேச்சு நடத்தியது. முற்றுகை விலகியதும் முஸ்லிம்கள் அவர்கள் கோட்டையை வளைத்தார்கள். சரணடைந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அவர்களுடைய பழைய கூட்டாளியான அவ்ஸ் குலத்துத் தலைவர் ஸஅத் இப்னு முஆதிடம் விடப்பட்டது. போரில் பட்ட காயத்தால் சாகக் கிடந்தவர் அவர். ஆண்களைக் கொல்லவும் பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடிக்கவும் தீர்ப்பளித்தார். இப்னு இஸ்ஹாக் 600 முதல் 900 வரை எண்ணிக்கை சொல்கிறார், திர்மிதீயின் ஹதீஸ் தொகுப்பில் 400. இவ்வளவு பேர் இறந்திருக்க முடியாது என்று டபிள்யூ.என். அரஃபாத் 1976-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். எம்.ஜே. கிஸ்டர் 1986-இல் அதை மறுத்தார். எண்ணிக்கை பற்றிய சந்தேகத்துக்கு இடமுண்டு, ஆனால் சம்பவமே நடக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. குர்ஆனிலேயே (33:26) குறிப்பு இருக்கிறது. பதிலாகச் சொல்லக்கூடியது இதுதான்: போர்க்காலத் துரோகத்துக்கு அன்றைய உலகில் வழக்கத்திலிருந்த தண்டனை அது, யூதர் என்பதற்காகத் தரப்பட்டதில்லை. மதீனாவின் மற்ற யூதக் குலங்களான பனூ கைனுகாவும் பனூ நழீரும் நாடு கடத்தப்பட்டார்களே தவிரக் கொல்லப்படவில்லை. இந்த விளக்கம் காரணத்தைக் காட்டுகிறது. படிக்கிறவர் மனதிலிருக்கும் கனத்தைக் குறைக்காது, குறைக்க முயலவும் கூடாது.

திருமணங்களுக்கு வரலாம்.

நபிகள் தம் 25-ஆம் வயதில் கதீஜாவை மணந்ததாக மரபு. அவர் விதவை, வயதில் மூத்தவர், வணிகம் செய்தவர். கதீஜா 619-இல் இறக்கும் வரை சுமார் 25 ஆண்டுகள் வேறு மனைவி இல்லை. அரேபியாவில் ஒருவன் எத்தனை பேரையும் மணக்கலாம் என்றிருந்த காலத்தில் இளமை முழுவதும் ஒரே மனைவி. மற்ற திருமணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால், 50 வயதை ஒட்டியும் தாண்டியும். ஆயிஷா ஒருவர்தான் முன்பு மணமாகாதவர். ஹஃப்ஸா பத்ருப் போருக்குப் பின் கணவரை இழந்தவர். உம்மு ஸலமாவின் கணவர் உஹதில் பட்ட காயத்தால் இறந்தார். உம்மு ஹபீபா எதிரித் தலைவர் அபூ சுஃப்யானின் மகள். காமம் என்ற ஒற்றைக் காரணத்துக்குள் இந்தப் பட்டியலை அடைக்க முடியாது.

ஜைனப் பின்த் ஜஹ்ஷ் கதையில் மூலத்தின் அருமை நன்றாகத் தெரியும். வளர்ப்பு மகன் ஸைதின் வீட்டுக்குப் போன நபிகள் தற்செயலாக ஜைனபைப் பார்த்து மயங்கினார், பிறகு ஸைத் விவாகரத்து செய்தார் என்பது கதை. மியூர் இதை விரிவாக எழுதினார். கதை வருவது வாகிதீ வழியாக, தபரீயில். ஆனால் ஜைனப் யார்? நபிகளின் சொந்த அத்தை உமைமாவின் மகள். சிறு வயதிலிருந்து தெரிந்தவர். விடுதலை பெற்ற அடிமையான ஸைதுக்கு அவரை மணமுடித்து வைத்ததே நபிகள்தான். திடீரென்று பார்த்து மயங்க என்ன இருக்கிறது? குர்ஆன் (33:37) சொல்லும் காரணம் வேறு. வளர்ப்பு மகன் ரத்த மகனாக மாட்டான், அவன் விலக்கிய மனைவியை மணப்பது தடையில்லை என்று காட்டுவது. மனைவியை விலக்காதே என்று நபிகள் ஸைதிடம் சொன்னதும் அதே வசனத்தில் இருக்கிறது.

ஆயிஷாவின் வயது இன்று முதலிடத்தில் இருக்கும் விமர்சனம். ஆனால் இது பழைய விமர்சனமில்லை. ஜைனப் திருமணத்தை 8-ஆம் நூற்றாண்டிலேயே தாக்கிய கிறிஸ்தவ அறிஞர் டமாஸ்கஸ் யோவான் இதைத் தொடவே இல்லை. மக்காவின் எதிரிகளும் தொட்டதாகப் பதிவில்லை. 20-ஆம் நூற்றாண்டில்தான் இது முன்னணிக்கு வந்தது. காரணம் எளிது. மியூர் புத்தகம் எழுதிய காலத்தில் பிரிட்டிஷ் அரசின் இந்தியத் தண்டனைச் சட்டமே (1860) பெண்ணின் சம்மத வயதை 10 என்று வைத்திருந்தது. 1891-இல்தான் 12 ஆயிற்று. இங்கிலாந்திலும் 1875 வரை 12-தான்.

புகாரி, முஸ்லிம் அறிவிப்புகளில் நிச்சயத்தின்போது ஆறு அல்லது ஏழு, குடும்ப வாழ்க்கை தொடங்கியபோது ஒன்பது என்று இருக்கிறது. மரபான அறிஞர்கள் இதை ஏற்கிறார்கள். லாகூர் மௌலானா முஹம்மத் அலீ போன்றவர்கள் வேறு தகவல்களை வைத்து வயது கூடுதல் என்று வாதிட்டார்கள். அக்கா அஸ்மா பத்து வயது மூத்தவர், ஹிஜ்ரீ 73-இல் நூறு வயதில் இறந்தார் என்பது அதில் ஒன்று. அப்படியானால் ஹிஜ்ரீ கணக்கு தொடங்கும் மதீனா பயண ஆண்டில் ஆயிஷாவுக்கு 17 அல்லது 18 வருகிறது. ஜோஷுவா லிட்டில் 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அளித்த முனைவர் ஆய்வேடு, ஹிஷாம் இப்னு உர்வா இராக்கில் பரப்பிய அறிவிப்பிலிருந்தே இந்தச் செய்தி கிளைத்தது என்று முடிவுக்கு வருகிறது. வாதம் முடியவில்லை. முடிந்தது ஒன்று உண்டு: ஆயிஷா வாய்பொத்தி மூலையில் இருந்த பெண் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்கள் அவர் பெயரில் இருக்கின்றன, மூத்த தோழர்களின் பிழைகளைத் திருத்தியவர், சட்டம் கேட்க ஆண்கள் வந்து நின்ற ஆசிரியை. அந்தக் காலத்துத் திருமணத்தைச் சான்றாகக் காட்டி இன்று ஒரு சிறுமிக்குக் கல்யாணம் செய்ய முனைகிறவர்களுக்கு இந்த விளக்கம் எதுவும் துணை நிற்காது. மொராக்கோவும் (2004) எகிப்தும் (2008) சட்டப்படியான வயதை 18 ஆக்கின. இந்தோனேசியா 2019-இல் 19 ஆக்கியது.

பெண்ணுரிமை பற்றிய குற்றச்சாட்டில் காலக்கணக்கு கண்ணைத் திறக்கும். மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்ற குர்ஆன் வசனம் (4:11) இன்றைய சமத்துவத்தின் முன் குறைவாகத் தெரிகிறது, உண்மை. ஆனால் மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே, மஹர் (மணமகன் தரும் மணக்கொடை) அவளுக்கே, கணவன் கைவைக்க முடியாது என்பது அந்தச் சட்டத்தில் முதலிலிருந்தே உண்டு. இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்த கூலி அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1870-இல். சர் சையதின் புத்தகம் லண்டனில் அச்சான அதே ஆண்டு! முழுச் சொத்துரிமை 1882-இல்தான் வந்தது. பலதாரத்தைப் பொறுத்தவரை, வரம்பில்லாததை நான்காகக் குறைத்து, நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்து (4:3) என்ற கட்டளையையும், முழு நீதி உங்களால் முடியவே முடியாது (4:129) என்ற வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தால் இலக்கு ஒருதாரம்தான் என்று சர் சையதின் காலத்திலிருந்தே பலர் வாதிட்டு வருகிறார்கள்.

மதம் மாறினால் மரணம் என்ற சட்டம் மியூர் சொன்ன 'சுயசிந்தனையை நசுக்குதல்' என்பதன் கூர்மையான வடிவம். குர்ஆனில் மதமாற்றத்துக்கு மறுமைத் தண்டனை உண்டு, இம்மைத் தண்டனை இல்லை. "மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை" என்ற வசனம் (2:256) எல்லோருக்கும் தெரியும். கொல்லச் சொல்லும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது, மரபான சட்டப் பள்ளிகள் அதை ஏற்றன. ஆனால் ஆரம்பகாலச் சட்ட அறிஞர்களான இப்ராஹீம் நகஈயும் சுஃப்யான் தவ்ரீயும் வாழ்நாள் முழுவதும் அவகாசம் தரலாம் என்றதாகப் பதிவுண்டு. மதம் மாறிய பெண்ணைக் கொல்லக் கூடாது என்பது ஹனஃபீ சட்டப் பள்ளியின் நிலை. போர்க்காலத்தில் எதிரியோடு சேர்வதைக் குறித்த தண்டனை அது என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் வாதம். இதற்கு ஹுதைபிய்யாவே நல்ல சான்று: முஸ்லிம்களை விட்டு மக்காவுக்குத் திரும்புகிறவரைத் திருப்பியனுப்ப வேண்டியதில்லை என்ற ஷரத்தில் நபிகளே ஒப்பமிட்டார். சில நாடுகள் இன்றும் இந்தத் தண்டனையைச் சட்டத்தில் வைத்திருப்பது இஸ்லாத்தின் மீதான விமர்சனத்துக்கு அவர்களே கொடுக்கும் தீனி.

கடைசியாக அடிமை முறை. குர்ஆன் அதை ஒரே வாக்கியத்தில் ஒழிக்கவில்லை. பாவப் பரிகாரமாக விடுதலை (4:92), மேட்டில் ஏறுவது போன்ற கடினமான நற்செயலாக விடுதலை (90:13), அடிமை கேட்டால் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துப் பணமும் கொடுத்து விடுதலை (24:33) என்று வாசல்களைத் திறந்தது. சர் சையது ஒரு படி மேலே போனார். போர்க்கைதிகளைக் கருணையாகவோ ஈட்டுத்தொகை வாங்கியோ விட்டுவிடச் சொல்லும் வசனத்துக்குப் (47:4) பின் புதிதாக யாரையும் அடிமையாக்க வழியே இல்லை, தொடர்ந்தது முஸ்லிம்களின் தவறு என்றார். உலமாக்கள் ஒப்பவில்லை. இதுபோன்ற கருத்துகளுக்காகவும், 1870-இல் தொடங்கிய 'தஹ்ஸீபுல் அக்லாக்' இதழில் எழுதியவற்றுக்காகவும் அவரைக் காஃபிர் என்று சொல்லும் ஃபத்வாக்கள் வந்தன, மக்காவிலிருந்தும் வாங்கிவரப்பட்டன. நபிகளுக்காகச் செம்புப் பாத்திரங்களை விற்கச் சொன்னவருக்கு இது. சவூதி அரேபியா 1962-இல் அடிமை முறையை ஒழித்தது, மவுரித்தேனியா 1981-இல். இந்த ஒரு விஷயத்தில் வேதத்தை விடச் சமூகம் பின்தங்கியிருந்தது என்ற அவருடைய வாதத்தை அவரை விரட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிவாசல் மேடைகளில் தங்கள் பதிலாகச் சொல்கிறார்கள்.